உபுண்டு 22.04-க்கு மாறிய பின் நான்கு டிஸ்க் ரெய்டு 5 திறக்கவில்லை

ஆரணி முந்தி · ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஆரணியில் பட்டுச் சேலைகளுக்கு ஜக்கார்டு டிசைன் வரைந்து கொடுக்கும் சிறு கடை எங்களுடையது. என் தந்தை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிய முந்திகளும் கரைகளும் புட்டாக்களும் ஸ்கேன் செய்யப்பட்டு, பிறகு நான் கணினியில் வரைந்தவை, சேலைப் புகைப்படங்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து, ஏறக்குறைய 5 டெராபைட் அளவில் ஒரே கணினியில் இருக்கின்றன. 4 டெராபைட் டிஸ்க் நான்கை 2017இல் லினக்ஸின் எம்டிஆடம் (mdadm) கருவி கொண்டு ரெய்டு 5 ஆக, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி, ஒரே அரேயாக (டிஸ்க் தொகுதியாக) சேர்த்தேன். இயங்குதளம் தனியே ஓர் எஸ்எஸ்டியில் இருக்கிறது.

உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிகிறது என்பதால் இன்று 22.04-க்கு மேம்படுத்தினேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போது கணினி ஒருமுறை சில நிமிடங்கள் அசையாமல் நின்று, பிறகு தானே தொடர்ந்தது. முடிந்து மறுபடி தொடங்கியபோது எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. தொடங்கும்போது எவற்றை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், எம்டி0 என்று அரேயின் பெயர் இருந்த வரியைத் தற்காலிகமாக நீக்கிய பிறகு இயங்குதளம் வந்தது. ஆனால் எம்டி0 இல்லை. அரேக்களின் நிலையைக் காட்டும் ப்ராக் எம்டிஸ்டாட்டில் எம்டி127 என்ற புதிய பெயர் தெரிகிறது. அதன் எதிரே 'இன்ஆக்டிவ்' என்றும், எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி என்ற மூன்று டிஸ்குகளின் பக்கத்தில் அடைப்புக்குள் எஸ் (ஸ்பேர், உபரி) என்ற எழுத்தும் இருக்கின்றன. நான்காவதான எஸ்டிஇ அங்கே இல்லவே இல்லை.

என்னிடம் 2022இல் எடுத்த பிரதி ஒன்று வெளி டிஸ்க்கில் இருக்கிறது. அதற்குப் பின் வரைந்த மூன்று ஆண்டு வேலைக்கும், அதன் பிறகு ஸ்கேன் செய்த தந்தையின் தாள்களுக்கும் வேறு பிரதி இல்லை. அந்தத் தாள்களில் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் அதன்படி நடக்கிறேன்.

ராணிப்பேட்டை பணிமனை · ஞாயிறு, இரவு 10.05

மேம்படுத்தலில் சூப்பர்பிளாக் (ஒவ்வொரு டிஸ்கிலும் அரேயின் விவரங்கள் பதிந்திருக்கும் பகுதி) கெட்டிருக்கும். முன்பு எந்த வரிசையில் டிஸ்குகளைக் கொடுத்தீர்களோ அதே வரிசையில் எம்டிஆடம் கிரியேட் கட்டளையை 'அஸ்யூம் கிளீன்' (ஒத்திசைக்காமல் இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்) விருப்பத்தோடு கொடுங்கள். தரவு அப்படியே திரும்பிவிடும். எனக்கு ஒருமுறை இப்படித்தான் வந்தது.

காட்பாடி சந்திப்பு · ஞாயிறு, இரவு 10.20

ஆரணி நண்பரே, மேலே சொல்லப்பட்டதைத் தயவுசெய்து இன்றிரவு செய்யாதீர்கள். விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை எந்தக் கட்டளையும் வேண்டாம். கணினியை முறைப்படி நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது.

காட்பாடி சந்திப்பு · ஞாயிறு, இரவு 11.10

ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் நெடுங்காலம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். இப்படி வந்த அரேக்களில் பெரும்பாலானவை கோளாறு நேர்ந்த கணத்தில் அழியவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில், பதற்றத்தோடு கொடுக்கப்பட்ட கட்டளைகளால்தான் அழிந்தன. ஆகவே முதலில் படிப்போம், எழுத வேண்டாம்.

எம்டி127 என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். கணினி தொடங்கும் நேரத்தில் முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் எம்டிஆடம் கான்ஃப் கோப்பில் உங்கள் அரேக்கான வரி இல்லாவிட்டாலோ, டிஸ்க்கில் பதிந்துள்ள கணினிப் பெயர் இப்போதைய பெயரோடு பொருந்தாவிட்டாலோ, எம்டிஆடம் அதை வெளியூர் அரேயாகக் கருதி 127இலிருந்து கீழ்நோக்கி ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். எஃப்எஸ்டேப் எம்டி0-ஐத் தேடும். அது கிடைக்காததால் எமர்ஜென்சி மோடு வரும். உங்கள் சிக்கல் இதோடு முடிந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் நான்கில் மூன்றுதான் தெரிகின்றன. அந்த மூன்று இருந்தும் அரே இயங்கவில்லை. நான்கு டிஸ்க் ரெய்டு 5 மூன்றோடு இயங்கவேண்டும். அப்படியானால் அந்த மூன்றில் ஒன்றை எம்டிஆடம் நம்பவில்லை என்று பொருள். யாரை நம்பவில்லை, ஏன் என்பதை டிஸ்குகளையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எம்டிஆடம் எக்சாமின் கட்டளையை நான்கு டிஸ்குகளுக்கும் தனித்தனியே கொடுத்து, வெளியீட்டை எஸ்எஸ்டியில் கோப்புகளாகச் சேமியுங்கள். அது படிக்க மட்டுமே செய்யும். அதேபோல டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் வெளியீட்டையும் ஒவ்வொன்றுக்கும் எடுங்கள். டிஸ்குகளின் வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) தாளில் எழுதி, எது எந்தக் கேபிளில் இருக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் அடுத்த முறை தொடங்கும்போது இடம் மாறலாம். வரிசை எண் மாறாது.

ராணிப்பேட்டை நண்பரின் யோசனையை ஏன் தடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரியேட் கட்டளை பழைய அரேயைக் கண்டுபிடிப்பதில்லை; புதிய அரேயைப் பிறப்பிக்கிறது. நீங்கள் சொல்லும் வரிசை, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் ஆகியவை பழையதோடு ஒன்றினால் மட்டுமே உள்ளே இருப்பது பழைய தரவாகத் தெரியும். தரவு தொடங்கும் இடத்தை எம்டிஆடமின் ஒவ்வொரு காலத்துப் பதிப்பும் ஒவ்வொரு மாதிரி தேர்ந்தெடுத்திருக்கிறது. 2,62,144 செக்டாரில் (செக்டார் என்பது 512 பைட் கொண்ட அலகு) தொடங்கிய பழைய அரேக்களையும், 2,64,192 செக்டாரில் தொடங்கும் புதிய அரேக்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் 1 மெபிபைட்தான் வேறுபாடு. ஆனால் அந்தத் தவறான இடத்திலிருந்து படித்தால் கோப்பு முறைமை கண்ணுக்கே தெரியாது. உடனே அரே ஒத்திசைவைத் தொடங்கிவிட்டாலோ பேரிட்டி (இழந்த தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தரவு) என்ற பெயரில் உங்கள் டிசைன்களின் மேலேயே எழுதத் தொடங்கும். மேலும், பழைய சூப்பர்பிளாக்கில் இருக்கும் விவரங்கள் அத்தனையும் அந்தக் கட்டளையால் அழிந்துபோகும். நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

ராணிப்பேட்டை பணிமனை · ஞாயிறு, இரவு 11.25

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. என்னுடையது அன்று உருவாக்கி அன்றே கெட்ட அரே. அதே பதிப்பு, அதே அளவுகள். அதனால் பொருந்தியிருக்கிறது. இதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆரணி முந்தி · திங்கள், காலை 7.15

சொன்னபடி எடுத்தேன். முக்கியமானவற்றை எழுதுகிறேன்.

எஸ்டிபி, எஸ்டிசி இரண்டிலும் பதிப்பு 1.2, ரெய்டு 5, துண்டு 512 கே, அடுக்கும் முறை லெஃப்ட் சிமெட்ரிக், டேட்டா ஆஃப்செட் (தரவு தொடங்கும் இடம்) 2,62,144 செக்டார், ஈவென்ட்ஸ் 48,216 என்று ஒன்றுபோல் இருக்கின்றன. கடைசியாக மாறிய நேரம் ஞாயிறு பிற்பகல் 2.16. இரண்டிலும் அரேயின் நிலை ஏ, ஏ, புள்ளி, ஏ என்று காட்டுகிறது. எஸ்டிடியில் ஈவென்ட்ஸ் 48,209. மாறிய நேரம் 2.14; நிலை நான்கும் ஏ. எஸ்டிஇயில் சூப்பர்பிளாக் எதுவும் இல்லை. 'எம்பிஆர் மேஜிக் ஏஏ55' என்ற வரியும், அதன் கீழே '4294967295 செக்டார்கள், வகை இஇ' என்ற வரியும் மட்டுமே வருகின்றன.

ஸ்மார்ட் விவரத்தில் எஸ்டிடியில் 'கரன்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்) 8 என்று இருக்கிறது. மற்ற மூன்றிலும் பூஜ்யம். வெப்பம் நான்கிலும் 52 முதல் 54 பாகை. கணினி மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேம்படுத்தல் முடிந்ததும் கணினியை அணைத்து, தேய்ந்துபோயிருந்த பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) பேட்டரியை மாற்றி, பயாஸையும் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். கணினியின் பெயரையும் அன்றுதான் மாற்றினேன். எம்டிஆடம் கான்ஃப் கோப்பில் அரே வரி எப்போதுமே இல்லை.

வாலாஜா வாசகி · திங்கள், காலை 8.00

அண்ணா, எஸ்டிஇ டிஸ்கை அரேயில் சேர்ப்பதற்கு முன் வேறு கணினியில் பயன்படுத்தினீர்களா? நான்கு டிஸ்கிலும் பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்கையே அரேயில் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இந்த இரண்டுக்கும் ஆம் என்றால், எஸ்டிஇக்கு என்ன நடந்தது என்பது எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆரணி முந்தி · திங்கள், காலை 8.10

ஆம் அம்மா, இரண்டும் சரி. எஸ்டிஇ மட்டும் தம்பியின் விண்டோஸ் கணினியில் ஒரு மாதம் இருந்து வந்தது. மற்ற மூன்றும் பெட்டியைப் பிரித்து நேராகப் பொருத்தியவை.

வாலாஜா வாசகி · திங்கள், காலை 9.30

அப்படியானால் விஷயம் இதுதான். ஜிபிடி என்னும் பார்ட்டிஷன் அட்டவணை டிஸ்கின் தொடக்கத்தில் ஒன்றும், பாதுகாப்புக்காக டிஸ்கின் கடைசியில் இன்னொன்றுமாக இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்கிறது. தொடக்கப் பிரதி, முன்னால் வரும் எம்பிஆரையும் (டிஸ்கின் முதல் செக்டார்) சேர்த்து, முதல் 34 செக்டார்களை, அதாவது 17,408 பைட்டை எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்டியின் 1.2 பதிப்பு சூப்பர்பிளாக் உட்காருவது டிஸ்கின் தொடக்கத்திலிருந்து 4,096ஆவது பைட்டில். ஆக, இரண்டுக்கும் ஒரே மனை. 2017இல் அண்ணா அரேயை உருவாக்கியபோது முன்பக்கத்து ஜிபிடியின் மேல் சூப்பர்பிளாக் ஏறியது. பின்பக்கத்துப் பிரதி மட்டும் யாரும் தொடாமல் எட்டு ஆண்டுகளாக டிஸ்கின் கடைசியில் கிடந்திருக்கிறது.

சில மதர்போர்டுகளின் ஃபார்ம்வேர், பின்பக்கத்தில் நல்ல ஜிபிடி இருந்து முன்பக்கத்தில் இல்லாவிட்டால், முன்பக்கத்தைப் பழுதுபார்ப்பதாக எண்ணிக்கொண்டு, யாரையும் கேளாமல் அதை எழுதிவிடும். புதிய பயாஸ் ஏறியதும் அதுதான் நடந்திருக்கிறது. வகை இஇ என்பது ஜிபிடி தன் முன்னால் வைக்கும் காவல் எம்பிஆரின் அடையாளம். லினக்ஸ் மேம்படுத்தலுக்கும் எஸ்டிஇ காணாமல் போனதற்கும் தொடர்பே இல்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழுகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், அழிந்தது அந்த 17,408 பைட் மட்டுமே. உங்கள் தரவு தொடங்குவது 2,62,144ஆவது செக்டாரில், அதாவது 128 மெபிபைட்டுக்கு அப்பால். எஸ்டிஇயின் தரவு முழுதாக இருக்கிறது.

குடியாத்தம் பேட்டை · திங்கள், காலை 10.15

இடையில் ஒரு செய்தி, இதே தலைப்பைத் தேடி வருபவர்களுக்காக. கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 5.4-க்கு மாறிய பின் என்னுடைய ரெய்டு 0 திறக்க மறுத்தது. அளவு சமமில்லாத டிஸ்குகளைச் சேர்த்திருந்தேன். அத்தகைய ரெய்டு 0-இல் துண்டுகளை அடுக்கும் முறை கர்னல் 3.14இல் தெரியாமலே மாறிப்போனது. எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லாமல் திறந்தால் தரவு கெடும் என்பதால், புதிய கர்னல் நம்மையே சொல்லச் சொல்கிறது. 3.14-க்கு முன் எழுதியதென்றால் ரெய்டு0 டிஃபால்ட் லேஅவுட் என்ற கர்னல் அளபுருவுக்கு 1, பின்னால் எழுதியதென்றால் 2. ஆரணி நண்பருடையது ரெய்டு 5. அவருக்கு இது பொருந்தாது.

காட்பாடி சந்திப்பு · திங்கள், காலை 11.45

வாலாஜா சகோதரி எஸ்டிஇயின் கதையைச் சரியாகப் பிடித்துவிட்டார். எஸ்டிடியின் கதையை நான் சொல்கிறேன்.

ஈவென்ட்ஸ் என்பது அரேயின் நிலை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு டிஸ்கிலும் ஏறும் எண். ஒரு டிஸ்க் விலக்கப்பட்டால் அதன் எண் அங்கேயே நின்றுவிடும். மற்றவை மேலே போகும். எஸ்டிடி 2.14-க்கு 48,209இல் நின்றது. பி, சி, இ மூன்றும் 2.16 வரை தொடர்ந்து 48,216-க்குப் போயின. ஏ, ஏ, புள்ளி, ஏ என்பதற்கு மூன்றாம் இடத்து டிஸ்க் விலக்கப்பட்டது என்று பொருள். மேம்படுத்தலின்போது கணினி அசையாமல் நின்றதாகச் சொன்னீர்களே, அது அந்த இரண்டு நிமிடம்தான். படிக்க முடியாத ஓர் இடத்தை எஸ்டிடி திரும்பத் திரும்ப முயன்றிருக்கும். மேசைக் கணினிக்கான டிஸ்குகள் இப்படி ஒரு நிமிடத்துக்கும் மேல் முயலக்கூடியவை. கர்னலோ வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பை மீட்டமைக்கும். அப்போதும் பதில் வராவிட்டால் எம்டி அந்த டிஸ்கை வெளியே தள்ளிவிடும். எட்டு பெண்டிங் செக்டார் இதற்குப் பொருந்துகிறது.

ஆக, அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்திருக்கிறது. 2.14-க்கு டி போனது; அரே மூன்றோடு ஓடியது. பிறகு பயாஸ் இ-யின் தலையை அழித்தது. மிஞ்சியவை பி, சி இரண்டு மட்டுமே. கூடவே ஏழு எண் பின்தங்கிய டி. இந்தப் பின்னடைவு மிகச் சிறியது. அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் அரேயில் எதையும் சேமிக்கவில்லை என்றால், டி-யைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதால் இழப்பு அநேகமாக இராது.

இனி வேலை. முதலாவது, கணினியை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். பல டிஸ்குகளுக்கு உச்ச வெப்ப வரம்பு 60 பாகை. அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், பலவீனமான டிஸ்க் ஒன்றைப் பத்து மணி நேரம் தொடர்ந்து படிக்கவைப்பது தகாது. இரவில், மேசை விசிறி ஒன்றைப் பெட்டியின் எதிரே வைத்து, யுபிஎஸ் இணைப்போடு செய்யுங்கள். இரண்டாவது, 4 டெராபைட் புதிய டிஸ்க் ஒன்றும் 8 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். புதிய 4 டெராபைட் எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்று கேட்டு, சிஎம்ஆர் மட்டுமே வாங்குங்கள். தடங்களை ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க், ரெய்டு மறுகட்டமைப்பின்போது மிகவும் மெதுவாகிப் பாதியிலேயே விலக்கப்படக்கூடும்.

மூன்றாவது, டி-யிலிருந்து புதிய டிஸ்குக்கு, பழுதான டிஸ்கைப் படிப்பதற்கென்றே உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு நகல் எடுங்கள். சாதாரண நகல் கட்டளையான டிடி வேண்டாம். மேப் கோப்பை மறக்காமல் கொடுங்கள். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எந்த இடம் படிக்க முடியாமல் போனது என்பதும் அதிலேயே பதிந்திருக்கும். மூலம் எது, நகல் எது என்பதை வரிசை எண்ணோடு ஒப்பிட்டு, வீட்டில் இன்னொருவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி, அதன் பிறகே என்டர் தட்டுங்கள். நகல் முடிந்ததும் பழைய டி-யைக் கழற்றி வையுங்கள். இரண்டிலும் ஒரே அடையாளம் இருப்பதால் சேர்ந்து இருந்தால் குழப்பம் வரும்.

ஆரணி முந்தி · புதன், காலை 6.50

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டையும் வாங்கி வந்தேன். நேற்றிரவு ஏழு மணிக்கு டிடிரெஸ்க்யூ தொடங்கி, இன்று காலை ஆறு மணிக்கு முடிந்தது. ஓர் இடத்தில் மட்டும், 4,096 பைட், எத்தனை முறை முயன்றும் படிக்க வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. புதிய டிஸ்கின் ஈவென்ட்ஸ் 48,209 என்றே காட்டுகிறது.

காட்பாடி சந்திப்பு · புதன், காலை 8.30

மிக நல்லது. 4 டெராபைட்டில் 4,096 பைட் என்றால் அது ஒரே ஒரு கட்டம். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போதும் அசல் டிஸ்குகளில் எழுதப் போவதில்லை. அசெம்பிள் கட்டளையை ஃபோர்ஸ் விருப்பத்தோடு கொடுத்தால், எம்டிஆடம் பின்தங்கிய டிஸ்கின் ஈவென்ட்ஸ் எண்ணைத் திருத்தி எழுதும். அந்த எழுத்தும் ஒரு மெல்லிய படலத்தின் மேல் விழட்டும். பி, சி, புதிய டிஸ்க் மூன்றையும் பிளாக்டெவ் கட்டளையால் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். எஸ்எஸ்டியில் டிஸ்குக்கு ஒன்றாக மூன்று வெற்றுக் கோப்புகளை ட்ரன்கேட் கொண்டு உருவாக்குங்கள். அளவு 4 டெராபைட் என்று காட்டினாலும் எழுதப்படும் அளவுக்குத்தான் அவை இடம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் லூப் சாதனமாக்கி, டிஎம்செட்அப்பின் ஸ்னாப்ஷாட் வழியாக அந்தந்த டிஸ்கின் மேல் விரியுங்கள். படிப்பது அடியிலிருக்கும் டிஸ்கிலிருந்து வரும். எழுதுவது மேலிருக்கும் கோப்புக்குப் போகும். பிறகு அந்த மூன்று படலச் சாதனங்களைக் கொண்டு அசெம்பிள் ஃபோர்ஸ் கொடுங்கள். அதற்கு முன் செயலற்றுக் கிடக்கும் எம்டி127-ஐ ஸ்டாப் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்குகள் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லும்.

அரே வந்த பின் கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை '-n' விருப்பத்தோடு, அதாவது எதையும் திருத்தாமல் பார்க்க மட்டும், கொடுங்கள். மவுன்ட் செய்யும்போது, அதாவது கோப்பு முறைமையை இணைக்கும்போது, 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) மட்டும் போதாது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை படிக்க மட்டும் மவுன்ட் ஆனாலும் ஜர்னலை (முடியாத எழுத்துகளின் பதிவேடு) ஓட்டி எழுதப் பார்க்கும். 'நோலோட்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஆரணி முந்தி · புதன், மாலை 5.20

படலத்தைப் படித்ததும் என் தொழில் நினைவுக்கு வந்தது. தந்தை ஒரு கிராஃபில் திருத்தம் பார்க்க வேண்டுமென்றால் அதன் மேல் டிரேசிங் தாளை விரித்து அதில்தான் புள்ளி வைப்பார். மனத்துக்குப் பொருந்திய பிறகே அடித்தாளில் கை வைப்பார். அதனால் எனக்கு இது உடனே புரிந்தது.

அரே மூன்று டிஸ்கோடு எழுந்தது. எஃப்எஸ்சிகே, ஜர்னல் ஓடவில்லை என்று சொன்னதைத் தவிர, அச்சப்படும்படி எதுவும் சொல்லவில்லை. மவுன்ட் ஆனது. 2024இல் வரைந்த மயில் கரை ஒன்றைத் திறந்தேன், முழுதாக இருக்கிறது. தந்தையின் அடைவும் இருக்கிறது. இப்போது ஆர்சிங்க் நகல் கருவி கொண்டு வெளி டிஸ்குக்கு நகல் போய்க்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ராணிப்பேட்டை பணிமனை · புதன், மாலை 5.45

மிகவும் மகிழ்ச்சி. அந்த 4,096 பைட் எந்தக் கோப்பில் விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நகலில் அந்த இடம் வெறும் பூஜ்யமாக இருக்குமே. ஆர்சிங்க் எந்தப் பிழையும் சொல்லாமல் அந்தக் கெட்ட கோப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடும் அல்லவா?

வாலாஜா வாசகி · புதன், இரவு 7.30

சரியான கேள்வி. இந்த இடத்தில்தான் நீங்கள் முதல் நாள் சொன்ன கிரியேட் கட்டளைக்கு வேலை வருகிறது, படலத்தின் மேல் மட்டும்.

எண்ணிப் பாருங்கள்: பி, சி, இ மூன்றும்தான் கடைசிவரை ஒன்றாக ஓடியவை, உண்மையில் டி-யைவிடப் புதியவை. இ-யின் தலைப்பு மட்டுமே போனது. பி-யின் எக்சாமின் வெளியீட்டில் எல்லா அளவுகளும் நம் கையில் இருக்கின்றன. ஆகவே தற்போதைய நகல் முடிந்ததும் அந்த அரேயை நிறுத்தி, பி, சி, இ மூன்றின் மேலும் புதிய படலங்களை விரித்து, அதன் மேல் கிரியேட் கொடுக்கலாம்: பதிப்பு 1.2, ரெய்டு 5, நான்கு டிஸ்க், துண்டு 512, லெஃப்ட் சிமெட்ரிக், அஸ்யூம் கிளீன். வரிசை பி, சி, மிஸ்ஸிங், இ. மிஸ்ஸிங் என்ற சொல்லை மூன்றாம் இடத்தில் வைப்பதால் ஒத்திசைவு தொடங்கவே வழியில்லை. வரிசையை எழுத்துப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், எக்சாமினில் டிவைஸ் ரோல் என்று வரும் எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எக்சாமின் டேட்டா ஆஃப்செட்டைச் செக்டாரில் சொல்கிறது. கிரியேட்டின் டேட்டா ஆஃப்செட் விருப்பமோ வெறும் எண் கொடுத்தால் அதைக் கிபிபைட்டாக எடுத்துக்கொள்கிறது. 2,62,144 செக்டார் என்பது 1,31,072 கிபிபைட். 2,62,144 என்றே கொடுத்தால் தரவு 256 மெபிபைட்டில் தொடங்குவதாக ஆகிவிடும். இந்தத் தவறை நான் ஒருமுறை செய்து, படலம் இருந்ததால் மட்டுமே தப்பினேன்.

அரே வந்து, கோப்பு முறைமை சுத்தமாகத் தெரிந்தால், வெளி டிஸ்கில் இருக்கும் நகலோடு கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் ஆர்சிங்கின் செக்சம் விருப்பத்தால் ஒப்பிடுங்கள், டிரை ரன் ஆக, அதாவது எதையும் எழுதாமல். முழுதும் படிக்க வேண்டியிருப்பதால் நேரமாகும். ஆனால் எந்தக் கோப்பு வேறுபடுகிறதோ அதன் பெயரைத் தானே சொல்லிவிடும். செக்டார் கணக்கு எதுவும் போட வேண்டாம்.

காட்பாடி சந்திப்பு · புதன், இரவு 8.05

இதை நான் முழுமனத்தோடு வழிமொழிகிறேன். இன்று வெளியில் ஒரு நகல் இருக்கிறது, அடியில் பூட்டு இருக்கிறது, மேலே படலம் இருக்கிறது. ஞாயிறன்று இம்மூன்றும் இல்லாததால்தான் அன்று வேண்டாமென்றேன்.

ஆரணி முந்தி · வெள்ளி, இரவு 9.15

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு நகல் முடிந்தது. நேற்று மாலை வாசகி அம்மா சொன்னபடியே பி, சி, மிஸ்ஸிங், இ என்று படலத்தின் மேல் உருவாக்கினேன். 1,31,072 என்ற எண்ணைத் தாளில் எழுதி ஒட்டிவைத்து, அதைப் பார்த்தே தட்டினேன். முதல் முயற்சியிலேயே கோப்பு முறைமை தெரிந்தது. ஒப்பீடு இன்று மதியம் முடிந்தது. ஐந்து டெராபைட்டில் ஒரே ஒரு கோப்பு வேறுபட்டது. 2023இல் ஸ்கேன் செய்த தந்தையின் முந்தி, யாளி வரிசை போட்டது. வெளி டிஸ்கில் இருந்த பிரதியைத் திறந்தால் நடுவில் கறுப்புக் கோடு ஒன்று தெரிகிறது; இ வழியாக வந்த பிரதியில் கோடு இல்லை. நல்ல பிரதியை வெளி டிஸ்குக்கு மாற்றிவிட்டேன். அதன் மூலத் தாள் கரையான் தின்றவற்றில் ஒன்று.

இனி அரேயைப் புதிதாகவே அமைக்கலாம் என்று எண்ணுகிறேன். எப்படி அமைப்பது நல்லது?

வாலாஜா வாசகி · வெள்ளி, இரவு 10.00

அண்ணா, முதலில் வெளி டிஸ்கின் நகலை இன்னொரு டிஸ்கிலும் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். அதற்குப் பிறகே பழைய டிஸ்குகளில் கை வையுங்கள். ரெய்டு ஒரு டிஸ்க் சாகும் நாளில் கடை மூடாமல் இருப்பதற்காக. கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது நான்கு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

உங்களிடம் 5 டெராபைட்தான் இருக்கிறது. நான்கு டிஸ்கில் ரெய்டு 6 போட்டால் 8 டெராபைட் கிடைக்கும். எந்த இரண்டு போனாலும் தாங்கும். இந்த வாரம் நடந்தது போலவே நடந்தாலும் அரே ஓடிக்கொண்டிருக்கும். பழைய மூன்றும் எட்டு ஆண்டு ஓடியவை. கைவசம் பணம் வரும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். உருவாக்கும் முன் ஒவ்வொரு டிஸ்கிலும் எஸ்ஜிடிஸ்க் ஸாப் கொடுத்து முன், பின் இரண்டு ஜிபிடியையும் துடைத்து, புதிய ஜிபிடி போட்டு, லினக்ஸ் ரெய்டு வகையில் ஒரே பார்ட்டிஷன் அமைத்து, அந்தப் பார்ட்டிஷனை அரேயில் கொடுங்கள். கடைசியில் 100 மெபிபைட் காலியாக விட்டால், நாளை வாங்கும் டிஸ்க் சில செக்டார் சிறியதாக இருந்தாலும் பொருந்தும்.

காட்பாடி சந்திப்பு · சனி, காலை 7.40

சகோதரி சொன்னதோடு சில சொற்கள். அரே வந்ததும் எம்டிஆடமின் டீடெயில் ஸ்கேன் வெளியீட்டை எம்டிஆடம் கான்ஃப் கோப்பில் சேர்த்து, அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கொடுங்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது தொடக்க நேரத்தில் பயன்படாது. எஃப்எஸ்டேபில் எம்டி0 என்று எழுதாமல் கோப்பு முறைமையின் தனி அடையாளமான யுயுஐடியை எழுதி, 'நோஃபெயில்' (அது கிடைக்காவிட்டாலும் தொடங்கு) சேர்த்துவிடுங்கள். டிஸ்க் ஏற்றுக்கொண்டால் ஸ்மார்ட்சிடிஎல் வழியாகப் பிழை முயற்சி நேரத்தை 7 நொடியாக்குங்கள்; அதற்கான எண் 70. ஏற்காத டிஸ்குக்குக் கர்னலின் பொறுமையை 180 நொடியாக உயர்த்துங்கள். இரண்டுமே சில டிஸ்குகளில் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால் தொடக்க ஸ்கிரிப்டில் வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை முழு அரேயையும் படித்துச் சரிபார்க்கும் செக் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள். டி-யின் அந்த எட்டு செக்டார்களும் அப்படி ஒரு மாதாந்திரப் படிப்பில் முன்பே தெரிந்திருந்தால், எம்டி பேரிட்டியிலிருந்து கணக்கிட்டு அந்த இடத்தைத் திரும்ப எழுதியிருக்கும். மெயில்அட்ர் வரியில் உங்கள் முகவரியைக் கொடுத்து, மானிட்டர் கட்டளையைச் சோதனையாக ஒருமுறை ஓட்டி, மடல் கைக்கு வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஆரணி முந்தி · திங்கள், இரவு 8.30

இரண்டாவது நகல் ஆற்காட்டில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. ரெய்டு 6 அமைத்து முதல் ஒத்திசைவு இரவு முழுக்க ஓடி முடிந்தது. டிஸ்குகள் கீழ்த்தள அறையில் 41 பாகையில் இருக்கின்றன. மூன்று முறை மறுதொடக்கம் செய்து பார்த்தேன், மூன்று முறையும் எம்டி0 என்றே வந்தது. கோப்புகள் வெளி டிஸ்கிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கின்றன. சோதனை மடல் 8.12-க்கு என் கைப்பேசியில் வந்து சேர்ந்தது.